தேதி குறித்துக் கொடுக்காதீர்கள்

பிரசவமான பெண்ணும் அவள் கணவனும் மறுபடி எப்போது சேர்ந்து இருக்கலாம் என்று கேட்டால் சொல்வதற்கு, புதிதாகச் செவிலியர் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சியில் ஒரு விடை கொடுத்திருப்பார்கள். ஆறு வாரம். தேர்வில் எழுதினால் மதிப்பெண் உண்டு. நானும் எழுதி வாங்கியிருக்கிறேன். விடையில் தவறில்லை. அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் தொல்லையெல்லாம்.

கிராம சுகாதாரச் செவிலியராக நான் வேலை பார்த்தது முழுக்க உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில்தான். ஓய்வு பெற்ற பிறகும் பயிற்சிக் கூட்டங்களுக்குக் கூப்பிடுகிறார்கள். போன முறை நிகழ்ச்சி நிரலில் "பிரசவத்துக்குப் பிந்தைய தாம்பத்திய நலம்" என்று ஒரு தலைப்பு இருந்தது. சாப்பாட்டுக்கு முந்தைய தலைப்பு. பேச வந்தவர் அதற்கான படத்தைத் திரையில் போட்டார். தொண்டையைச் செருமினார். "இது உங்களுக்கே தெரியும்" என்றார். அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அது கை கழுவும் முறை. அதை மட்டும் விரல் விரலாக விளக்கினார். கை கழுவத்தான் எங்களுக்குத் தெரியாது போலிருக்கிறது.

தெரியும் என்று அவர் சொன்னது எங்களுக்குத் தெரியவும் தெரியாது, கேட்கவும் தெரியாது. நம் பக்கத்துப் பெண் எவளும் "அவர் கிட்ட வந்தால் வலிக்கிறது" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. இடுப்பு வலி என்பாள். அடிவயிறு இழுக்கிறது என்பாள். அவளுக்குப் பின்னால் அம்மாவோ மாமியாரோ நிற்பார். நாம் அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்த்து, "வேற ஏதாச்சும் தொந்தரவு இருக்கா?" என்று கேட்போம். அவர் "ஒண்ணும் இல்ல" என்பார். வலி மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவோம். உடம்பு ஒருத்தியுடையது, பதில் இன்னொருத்தியுடையது. இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ஆலோசனை வழங்குதல்.

கணவன்மார்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். என் துணை சுகாதார நிலையத்தின் வாசலில் "ஆண்கள் வெளியே நிற்கவும்" என்று ஒரு தகரப் பலகை தொங்கியது. எனக்கு முன்னால் இருந்தவர், குடித்துவிட்டு வந்து ரகளை செய்த ஒரே ஒரு ஆளுக்காக எழுதி மாட்டியது. அந்த ஆள் ஊரைவிட்டே போய்விட்டான். பலகை மட்டும் பணியில் தொடர்ந்தது.

இனி பவித்ராவின் கதைக்கு வருகிறேன்.

அவள் எங்கள் ஊர்ப் பெண். ராஜகுளத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கணவன் சதீஷுக்கு ஒரகடம் பக்கம் கார் உதிரிப் பாகத் தொழிற்சாலையில் வேலை. தலைப் பிரசவம் என்பதால் தாய்வீடு வந்தாள். தையல் போட்ட சுகப் பிரசவம், ஆண் குழந்தை. ஐந்தாம் மாதத்தில் நல்ல நாள் பார்த்துப் பெண்ணையும் குழந்தையையும் கணவன் வீட்டுக்கு அழைத்துப் போவது நம் பக்கத்து வழக்கம். அந்த நாள் ஒரு புதன்கிழமையாக அமைந்தது. எனக்குப் புதன்கிழமை தடுப்பூசி நாள்.

வரிசையின் கடைசியில், பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூவோடு பவித்ரா உட்கார்ந்திருந்தாள். பின்னால் வந்தவர்களை எல்லாம் "நீங்க மொதல்ல போங்க" என்று முன்னே அனுப்பிக்கொண்டிருந்தாள். கடைசியில் அனுப்புவதற்கு யாரும் இல்லாமல் போனது.

"இன்னாம்மா, பட்டுப்பொடவையோட ஊசிக்கு வந்திருக்கே?" என்றேன்.

"கொயந்தைக்கு ஊசி போடணும் சிஸ்டர்."

"மூணு தவணையும் போட்டாச்சே. அடுத்தது ஒன்பதாம் மாசம்தான்."

"ஒம்பதாம் மாசத்து ஊசிய இப்பவே போட்டுட முடியாதா?"

"முடியாதும்மா."

"அப்ப ஒம்பதாம் மாசம் வரிக்கும் நானும் இவனும் இங்கயே ஒக்காந்துனு இருக்கட்டுமா?"

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

வெளியே வேன் வந்து நின்றது. தொட்டில், பித்தளைக் குடம், வாழைத்தார், பழத் தாம்பாளங்கள், ராஜகுளத்து உறவினர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக மாமியாரின் குரல்.

"பன்னண்டுக்கு ராகு காலம் சம்பந்தி. ஒங்க பொண்ணு ஊசி போடப் போனாளா, ஊசி செய்யப் போனாளா?"

"தோ வந்துடுவா சம்பந்தி. நர்சம்மாகிட்ட கூட்டம்," என்றார் பவித்ராவின் அம்மா. உள்ளே ஈ, காக்கை கிடையாது.

உள்ளறைக் கதவைச் சாத்தினேன். முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"அடிக்கிறாரா?"

"சே, இல்ல சிஸ்டர்."

"குடியா?"

"டீ தான் குடிப்பாரு."

"மாமியார்?"

"வாய்தான். மனசுல ஒண்ணும் வெச்சிக்க மாட்டாங்க."

"அப்புறம் ஏன் போக மாட்டேங்கறே?"

"இடுப்பு வலி."

"குனியும்போதா, உட்காரும்போதா?"

இரண்டும் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"அவர் கிட்ட வரும்போதா?"

குழந்தையின் மேல் கண்ணீர் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பிறகு சொன்னாள்.

பிரசவத்துக்குப் பின் காட்டப் போன இடத்தில் ஒரு மருத்துவர், "எதுக்கும் மூணு மாசம் தள்ளி இருங்க" என்று சொல்லியிருக்கிறார். ஆறு வாரத்தைவிடத் தாராளமான மனம். அதைக் கேட்டது பவித்ரா மட்டுமல்ல, கூடப் போன அம்மாவும்தான். அந்த அம்மா மூன்று மாதத்தையும் நாட்காட்டியில் எண்ணிக்கொண்டு வந்தார். மூன்றாம் மாதம் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சதீஷ் குழந்தையைப் பார்க்கப் பழத்தோடு வந்தான். பவித்ராவின் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டார், கணவரையும் கூப்பிட்டுக்கொண்டார், கோயிலுக்குப் போய்வருகிறோம் என்று வெளியிலிருந்து கதவைச் சாத்திவிட்டுப் போனார். மருத்துவரே சொல்லிவிட்ட பிறகு மாப்பிள்ளையைக் காக்க வைப்பது மரியாதையில்லை என்பது அவர் எண்ணம்.

"கத்தி வெச்சி கிழிச்சா மாதிரி இருந்துச்சி சிஸ்டர். கத்தினா பக்கத்து வூட்ல கேக்குமேன்னு முந்தானைய வாயில அடைச்சிக்கினேன். மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்கினேன். அவரு எயுந்து சட்டைய மாட்டிக்கினு பூட்டாரு. ஒண்ணுமே சொல்லல. அதுக்கப்பால வந்தா கொயந்தைய கொஞ்சிட்டு, டீ குடிச்சிட்டு, வாசலோடவே போயிடறாரு."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். நாங்கல்லாம் பெத்துக்கலையான்னாங்க. புண்ணு ஆறலன்னு சுடுதண்ணில மருந்து ஊத்தி தெனம் கழுவ சொல்றாங்க. எரியுதும்மான்னா, எரிஞ்சாதான் ஆறும்னு இன்னொரு மூடி ஊத்துறாங்க."

தரை துடைக்கும் வீரியமுள்ள கிருமிநாசினி. பெற்ற மகள் மேல் உள்ள அன்பினால், நாள் தவறாமல்.

"அங்க ஒரே ரூம்பு சிஸ்டர். இன்னிக்கி ராத்திரிய நெனச்சாலே பயமா கீது. அவங்க அம்மா போன்ல கேக்கறாங்க, எம் புள்ளைய ஒனக்கு புடிக்கலியா, மனசுல வேற யாருனா கீறாங்களான்னு. எனக்கு அவர ரொம்ப புடிக்கும். அத நான் யாராண்ட போயி சொல்றது?"

அவள் சம்மதத்தோடு பரிசோதித்தேன். அதை இங்கே விவரிக்கவில்லை. அதற்காக, அந்தப் பேச்சாளரைப் போல 'உங்களுக்கே தெரியும்' என்று நானும் நழுவுவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கட்டாயம் நேரில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். மேலுக்குப் பார்த்தால் தையல் அழகாக ஆறியிருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் பச்சைப்பயறு அளவுக்குச் சிவப்பாக ஒரு சதைப் பிசிறு. பஞ்சு பட்டதற்கே துள்ளினாள். சுற்றிலும் அந்த மருந்துத் தண்ணீர் செய்த வேலை, வெந்து சிவந்து கிடந்தது. தாய்ப்பால் கொடுக்கும் உடம்பில் அந்த இடம் வறண்டு போவது இயல்பு. அதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. இவ்வளவும் போதாதென்று, வலிக்கப் போகிறது என்ற பயத்தில் தசைகள் முன்கூட்டியே இறுகிக்கொண்டன. இத்தனையும் சேர்ந்தால் யாருக்கானாலும் வலிக்கும். இதில் எதுவும் தீராத நோயும் இல்லை. இதைச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்ப எம் மேல தப்பு இல்லியா?"

கதவு தட்டப்பட்டது. மாமியார்.

"நர்சம்மா, கொயந்தைக்கு ஊசி போடறியா, ஆனைக்கு போடறியா? எம்மா நேரம்!"

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்குச் சுலபமான வழிகள் நிறைய இருந்தன. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். வேன் அந்த நிமிடமே திரும்பியிருக்கும். அடுத்த நல்ல நாளில் அதே வேன், அதே வாழைத்தாரோடு வரும், கூடவே குழந்தைக்கு மந்திரிக்க ஒரு ஆளும் வருவார். "இன்னும் ரெண்டு மாசம் அனுப்பாதீங்க" என்று சொல்லியிருக்கலாம். அது மறுபடியும் ஒரு தேதி. அந்த அம்மா மறுபடியும் எண்ணத் தொடங்குவார். அந்த இரண்டு மாதத்தில், தன்னை அவளுக்குப் பிடிக்கவில்லை என்று சதீஷ் முடிவே கட்டிவிடுவான். இரண்டு தாய்மார்களையும் உட்கார வைத்து விளக்கியிருக்கலாம். சாயங்காலத்துக்குள் உத்திரமேரூர் பேருந்து நிலையம் வரை விளங்கியிருக்கும்.

இந்த விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஆள் வெளியே, பலகைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான்.

ஆனால் சொல்வது என் உரிமையல்ல. பவித்ராவிடம் கேட்டேன்: "உன் வீட்டுக்காரர்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா, யாருமே சொல்ல வேணாமா? எதுன்னாலும் எனக்குச் சம்மதம்."

"நீங்க சொல்லுங்க. நானும் கூடவே இருக்கறேன். எங்க அம்மா வாணாம்."

வாசலுக்குப் போய், "குழந்தையோட அப்பா மட்டும் உள்ள வாங்க" என்றேன்.

"ஆம்பள இன்னாத்துக்கு நர்சம்மா? நான் வரேன்," என்று மாமியார் புடவையைத் தூக்கிச் செருகினார்.

"ஆம்பளதான் வேணும்."

சதீஷ் நகரவில்லை. மேலே கையைக் காட்டினான். "போர்டு கீதே மேடம்."

"போர்ட நான் பாத்துக்கறேன். நீ வாப்பா."

முக்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். எங்களைப் பார்க்காமல் சுவரில் இருந்த தாய்ப்பால் படத்தைப் பார்த்தான். அது அதைவிடச் சங்கடம் என்று தெரிந்ததும் தரையைப் பார்த்தான். நான் சுற்றி வளைக்கவில்லை. புண், வறட்சி, பயம், அவள் முகத்தைத் திருப்பியது எதனால் என்பது வரை எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்தவன் முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"அப்ப... என்னைய புடிக்காம இல்லியா?"

"புடிக்காமதான் ஞாயித்துக்கெயம ஞாயித்துக்கெயம பூ வெச்சிக்கினு ஒக்காந்துனு இருந்தனா? லூசு!" அதுவரை 'அவரு' என்று பேசிக்கொண்டிருந்தவள்.

"சொல்லி இருக்கலாம் இல்ல?"

"நீ கேட்டியா?"

அவன் என் பக்கம் திரும்பினான். "எங்க லைன்ல சொன்னாங்க மேடம். கொயந்த பொறந்துட்டா பொம்பளைங்களுக்கு அதுமேலதான் பாசம், புருசன கண்டா புடிக்காது, கண்டுக்காத வுட்டுடுன்னு."

கார் உதிரிப் பாகம் செய்கிறவர்களுக்கு அடுத்தவன் மனைவியின் மனசைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்கிறது, பாருங்கள். நமக்குத் தெரிந்ததை நாம் சொல்லாவிட்டால் அவர்கள்தான் சொல்வார்கள்.

"எப்ப சரியாவும் மேடம்? ஒரு மாசம் ஆவுமா?" என்றான்.

வந்ததே எனக்குக் கோபம்! மருத்துவரிடம் தேதி, பஞ்சாங்கத்தில் தேதி, இப்போது இவனுக்கும் ஒரு தேதி.

"தேதியெல்லாம் கிடையாது. அவ வலிக்கலன்னு சொல்ற அன்னிக்கு, அவளா வேணும்னு சொல்ற அன்னிக்கு. சொல்லிட்டு நடுவுல வேணாம்னு சொன்னா, அங்கேயே நிறுத்தணும். அதுவரைக்கும் பக்கத்துல உட்காரு, பேசு, சிரி. அதுக்கு யார் தடை?"

மீதியையும் சொன்னேன். மருந்துத் தண்ணீர் இனி கூடாது, வெறும் தண்ணீர் போதும். அந்தப் பிசிறை மருத்துவரிடம் காட்ட வேண்டும், நானே கூட வருகிறேன். பின்னால் தேவைப்படும்போது மருந்துக் கடையில் வழுவழுப்புக்கான ஜெல் கிடைக்கும். தேங்காய் எண்ணெயை எடுக்காதே, எண்ணெய் பட்டால் ஆணுறை கிழிந்துபோகும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

"வெளிய இன்னா சொல்றது மேடம்?"

எனக்கு முன்னால் பவித்ரா சொன்னாள். "தையல் ஆறல, டாக்டர பாக்கணும்னு சொல்லு. நெசந்தானே?"

அவன் போய்ச் சொதப்பிவிடுவான் என்றுதான் நினைத்தேன். சன்னல் ஓரமாக நின்று கேட்டேன்.

"தையல் ஆறலம்மா. டாக்டர்கிட்ட காட்டணும். அதுவரிக்கும் அவளும் கொயந்தையும் ரூம்புல படுத்துக்கட்டும், நானு ஹால்ல படுத்துக்கறேன்."

"ஏன்டா, பொம்பள சமாசாரத்த நர்சம்மா ஒங்கிட்ட ஏன் சொல்லுது? எங்கிட்ட சொன்னா இன்னா?"

"அவ எம் பொண்டாட்டிம்மா."

மாமியாரிடமிருந்து முணுமுணுப்பு மட்டும் வந்தது. அது நம் துறையின் கட்டுப்பாட்டில் வராது.

"போறியா?" என்று பவித்ராவைக் கேட்டேன்.

"அவருதான் ஹால்லன்னு சொல்லிட்டாரே. போறேன்."

வேனில் ஏறும்போது அம்மாவிடம், "அந்த மருந்து பாட்டில பையில வெக்காதம்மா" என்றாள். "ஆறட்டும்னுதானேடி ஊத்தினேன்," என்றார் அந்த அம்மா. அவர் கண் கலங்கியிருந்தது. திட்டுவதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவருக்கு மட்டும் இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ராகு காலம் பிறப்பதற்குள் வேன் கிளம்பிவிட்டது. பஞ்சாங்கத்துக்கு நாங்கள் எந்தக் குறையும் வைக்கவில்லை.

பிசிறை மருத்துவர் மருந்து வைத்துச் சரிசெய்தார். வறட்சிக்கும் மருந்து கொடுத்தார். இறுக்கம் தளர்வதற்கு மூச்சுப் பயிற்சி. ஒரு வாரம் தேறும், அடுத்த வாரம் பழைய பயம் திரும்பி வரும். நேர்கோட்டில் ஆறும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ராஜகுளத்தில் மாமியார் மட்டும் வாராவாரம், "ஆறிடுச்சாடா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். "ஆறலம்மா" என்று மகனும் சொல்லிக்கொண்டே இருந்தானாம். இந்த மாவட்டத்திலேயே மிக மெதுவாக ஆறிய தையல் அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு ஒரு புதன்கிழமை. நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்களே இருந்தன. "ஒம்பதாம் மாச ஊசிக்கு வந்துட்டோம் சிஸ்டர்," என்று வாசலில் ஒரு குரல். தாய்வீட்டுக்கு வந்திருந்தாள் பவித்ரா, சாதாரணப் பருத்திப் புடவையில். குழந்தையைத் தூக்கிக்கொண்டு சதீஷ் நேராக உள்ளே வந்தான். பலகையை ஏறிட்டும் பார்க்கவில்லை. நான் வேறு எதுவும் கேட்கவில்லை. "தம்பி இப்ப எங்க படுக்கிறாரு, ஹால்லயா?" என்று மட்டும் கேட்டேன். பவித்ரா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். போதும், பதில் கிடைத்துவிட்டது.

ஊசி போட்டு முடித்த பிறகும் சதீஷ் போகாமல் நின்றான்.

"எங்க லைன்ல ஒரு பையன் மேடம். அவன் சம்சாரத்துக்கு... இடுப்பு வலியாம்."

"சம்சாரம் வந்திருக்காங்களா?"

"இல்ல. அவன் மட்டும் வந்துகீறான்."

"எங்க?"

வெளியே போய்ப் பார்த்தேன். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். படித்தவன் போலிருக்கிறது, பலகைக்குச் சரியாக அரை அடி வெளியே.

"அடுத்த தடவை அவங்களையும் கூட்டிக்கினு வாப்பா. அவங்க சொல்லாம நான் எதுவும் சொல்ல முடியாது," என்றேன்.

"சரி மேடம். ஆனா... எத்தினி நாள்ல சரியாவும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து சதீஷ் சொன்னான்: "டேய், அத மேடத்தாண்ட கேக்காத. வூட்ல அவங்கள கேளு."

இரண்டு பேருமே நல்ல உயரம். ஆளுக்கொரு பக்கம் பிடித்து அந்தப் பலகையைக் கழற்றச் சொன்னேன்.